கறுப்பு டூர்மலின் கல்: வாங்குவது முதல் பராமரிப்பது வரை பினாங்குக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கறுப்புக்கும் நமக்கும் பழைய உறவு. குழந்தை பிறந்தால் கன்னத்தில் மைப்பொட்டு, இடுப்பில் கறுப்புக் கயிறு, கையில் கருமணி. தமிழ் முஸ்லிம் வீட்டுத் திருமணங்களில் கருகமணி. அதனால் "கெட்ட சக்தியை உறிஞ்சிக்கொள்ளும்" என்று சொல்லி யாராவது ஒரு கறுப்புக் கல்லை நீட்டினால், விலை கேட்பதற்கு முன்பே நம் கை நீண்டுவிடுகிறது. பினாங்கில் இப்படி நீட்டுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. மார்க்கெட் ஸ்திரீட் பக்கம் ஸ்படிக மாலைக்கும் ருத்திராட்சத்துக்கும் நடுவில் தொங்கும். கெக் லோக் சி கோயிலுக்கு ஏறும் வழிக் கடைகளில் கைவளையாகக் கிடைக்கும். லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் துணி விரித்துக் குவித்திருப்பார்கள். பத்து ஃபெரிங்கி இரவுச் சந்தையில் சுற்றுப்பயணிக்குச் சொல்லும் விலையை உங்களுக்கும் சொல்லிப் பார்ப்பார்கள். கைப்பேசியில் வரும் நேரலை விற்பனையைக் கேட்கவே வேண்டாம்.

கற்களைக் கையிலோ உடம்பிலோ வைத்து நலம் தேடுவதைப் படிகச் சிகிச்சை என்பார்கள். அதைச் செய்வோர் பெரும்பாலும் கைகாட்டும் கறுப்புக் கல் டூர்மலின். இந்த வழிகாட்டி அதைப் பற்றியது. மற்ற கறுப்புக் கற்கள், இதைக் கேட்டால் அதைக் கொடுத்துவிடுகிறார்கள் என்பதால் உள்ளே வருகின்றன.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். கல் நோயைக் குணப்படுத்தும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி உளவியலாளர் கிறிஸ்டோபர் பிரெஞ்சு 2001இல் ஒரு மாநாட்டில் முன்வைத்த ஆய்வில், சிலருக்கு உண்மைப் படிகத்தையும் சிலருக்குப் போலியையும் கொடுத்துத் தியானம் செய்யச் சொன்னார்கள். உடம்பில் வெதுவெதுப்பு, மன அமைதி என்று இரு தரப்பாரும் ஒரே மாதிரியான அனுபவங்களையே சொன்னார்கள். இதைப் படித்துவிட்டுக் கல்லைத் தூக்கி எறியவேண்டும் என்பதில்லை. கல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தால் மனம் அடங்குகிறது என்றால் அது நல்ல காரியம்தான். ஆனால் அந்த அமைதிக்குப் பத்து வெள்ளிக் கல் போதும், ஆயிரம் வெள்ளிக் கல் தேவையில்லை. கீழே சொல்வதெல்லாம் இந்தக் கணக்கை ஒட்டித்தான்.

முதல் படி: எந்தக் கறுப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள்

கறுப்பு டூர்மலினைக் கனிமவியலில் ஷோர்ல் என்பார்கள். போரான், அலுமினியம், சோடியம், சிலிக்கா ஆகியவற்றோடு இரும்பு அதிகம் கலந்த கனிமம் இது. கறுப்பு நிறம் அந்த இரும்பால் வருவது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் இதன் கடினம் 7 முதல் 7.5 வரை. தண்ணீரைப்போல் மூன்று மடங்குக்குச் சற்று மேல் அடர்த்தி. பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ், நமீபியாவின் எரோங்கோ மலைப்பகுதி, பாகிஸ்தான் ஆகிய இடங்களிலிருந்து சந்தைக்கு வருகிறது. அபூர்வமான கல் அல்ல. நம் தீபகற்பத்தின் வெள்ளீயச் சுரங்கப் பகுதிகளில், பேராக் கிந்தா பள்ளத்தாக்கு உட்பட, கருங்கல்லோடு சேர்ந்து டூர்மலின் கிடைப்பதைப் புவியியலாளர்கள் நூறாண்டுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார்கள். கடைக்காரர் "உலகத்திலேயே அரிய கல்" என்று ஆரம்பித்தால் அந்தப் பேச்சுக்குக் காது கொடுக்கவேண்டாம்.

இதன் பெயரில் கைமாறும் மற்றவற்றில் முதலாவது ஒப்சிடியன். எரிமலைக் குழம்பு சடுதியில் குளிர்ந்து உறைந்த கண்ணாடி அது. சீனக் கடைகளில் செல்வம் சேர்க்கும் என்று விற்கும் பிஸியூ என்ற சீனப் புராண விலங்கின் உருவம் கோத்த கறுப்புக் கைவளைகளில் பெரும்பாலும் இதைத்தான் பார்க்கலாம். கடினம் 5 முதல் 5.5 வரைதான், சீக்கிரம் கீறல் விழும். உடைந்தால் விளிம்பு சவரக் கத்திபோல் வெட்டும்.

இரண்டாவது கறுப்பு ஓனிக்ஸ். கடையில் பளபளவென்று ஒரே சீரான கறுப்பாக இருக்கும் ஓனிக்ஸ் ஏறக்குறைய எல்லாமே சாயமேற்றிய அகேட் கல். ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதைத் தொழிலாகச் செய்தார்கள்: கல்லைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துப் பிறகு கந்தக அமிலத்தில் போட்டால், உள்ளே இறங்கிய சர்க்கரை கரியாகிக் கல் கறுத்துவிடும். வணிகத்தில் ஏற்றுக்கொண்ட முறைதான், ஏமாற்று அல்ல. "இயற்கைக் கறுப்பு" என்று சொல்லி விலை ஏற்றுவதுதான் ஏமாற்று.

ஹெமடைட் இரும்புத்தாது, கையில் எடுத்தால் எதிர்பாராத கனம். காந்தம்போல் ஒட்டும் "ஹெமடைட்" மணிகள் தொழிற்சாலையில் செய்தவை. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அவற்றை அணியக்கூடாது. ஜெட் என்பது புதைந்து இறுகிய மரம், நிலக்கரிக்கு உறவு. கையில் லேசாக இருக்கும், குளிர்ச்சியே இருக்காது. ஷுங்கைட், ரஷ்யாவின் கரேலியாவிலிருந்து வரும் கரிமக் கல்.

இரண்டாம் படி: ஜாதகத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்

"ஏழரைச் சனி நடக்கிறது, கறுப்புக் கல் போடுங்கள்" என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. நவரத்தின வரிசையில் கறுப்புக் கல்லே கிடையாது. சனிக்கு நீலம், ராகுவுக்குக் கோமேதகம், கேதுவுக்கு வைடூரியம். டூர்மலினின் "சக்தி" பற்றிய பேச்செல்லாம் மேற்கத்தியப் படிகச் சிகிச்சை நம்பிக்கையிலிருந்து வந்தது. நம் ஜோதிட நூல்களிலிருந்து வந்ததல்ல. ஜோதிடத்தை நம்புகிறவர் உங்கள் ஜோதிடரிடம் கேளுங்கள். நீலக்கல்லுக்குப் பதில் இது என்று விற்பவரிடம் வாங்காதீர்கள். சனிக்கிழமை எள் விளக்கு ஏற்றுவதற்கு ஆகும் செலவு இதைவிடக் குறைவு என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

மூன்றாம் படி: கடையில் கல்லைப் பார்க்கும் முறை

கைப்பேசி விளக்கு, ஒரு சிறு பூதக்கண்ணாடி, கொஞ்சம் பஞ்சு, நகப்பூச்சு நீக்கும் திரவம். இவ்வளவு பையில் இருந்தால் போதும்.

பட்டை தீட்டாத கல்லாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. டூர்மலின் குச்சி குச்சியாக வளர்வது. குச்சியின் நீளவாக்கில் நெருக்கமாக வரிக்கோடுகள் ஓடும். நகத்தைக் குறுக்கே ஓட்டினால் சீப்பில் ஓட்டியதுபோல் தட்டுப்படும். குச்சியின் முனையை நேராகப் பாருங்கள். மூன்று பக்கம், ஒவ்வொரு பக்கமும் சற்றே வெளியே உப்பியிருக்கும். பக்கங்கள் உப்பிய இந்த முக்கோண முகம் டூர்மலினின் கையெழுத்து. வேறு கறுப்புக் கனிமத்தில் காண்பது அரிது. இடையிடையே வெள்ளைக் குவார்ட்ஸோ மின்னும் மைக்காவோ ஒட்டியிருந்தால் குறை என்று நினைக்காதீர்கள். கல் மண்ணுக்குள் அப்படித்தான் வளர்கிறது. போலி செய்கிறவன் அவ்வளவு மெனக்கெடமாட்டான்.

மெருகேற்றிய கல்லிலும் மணியிலும் இந்த அடையாளங்கள் தேய்ந்துபோயிருக்கும். அப்போது இப்படிச் செய்யுங்கள். கல்லைக் கன்னத்தில் வையுங்கள். கல் சில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் இருக்காது. கைப்பேசி விளக்கை விளிம்புக்குப் பின்னால் பிடியுங்கள்; ஒப்சிடியனாக இருந்தால் மெல்லிய விளிம்பில் சாம்பலோ பழுப்போ கலந்த வெளிச்சம் கண்ணாடிபோல் ஊடுருவும், டூர்மலின் பெரும்பாலும் இருளாகவே நிற்கும். உள்ளே வட்டக் குமிழிகள் தெரிந்தால் அது வெறும் கண்ணாடி. நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் நனைத்த பஞ்சால் ஒரு மணியைத் துடையுங்கள். பஞ்சு கறுத்தால் வண்ணம் பூசியது. ஓனிக்ஸின் கரிச்சாயம் இதில் இறங்காது என்பதை நினைவில் வையுங்கள். துளையின் வாயையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வண்ணம் பூசிய மணியில் உள்ளே வேறு நிறம் எட்டிப் பார்க்கும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு இன்னொரு சோதனை. சுவரில் ஒட்டும் பீங்கான் ஓடு ஒன்றின் பின்புறம், மெருகு இல்லாத பக்கத்தில், கல்லைத் தேயுங்கள். ஹெமடைட் செம்பழுப்பாகக் கோடு போடும். ஜெட் பழுப்பாக. டூர்மலின் ஓட்டைவிடக் கடினமாக இருப்பதால் பெரும்பாலும் ஓட்டைத்தான் கீறும். தூள் விழுந்தால் வெளிறிய சாம்பல் நிறமாக இருக்கும். உருண்டை மணியில் இதைச் செய்து மெருகைக் கெடுத்துக்கொள்ளவேண்டாம்.

இங்கே சாம்பல் சோதனையைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் இணையத்தில் இதை அசல் கல்லுக்கு அத்தாட்சியாகச் சொல்கிறார்கள். டூர்மலினைச் சூடாக்கினால் அதன் இரு முனைகளிலும் மின்னேற்றம் உண்டாகும் என்பது உண்மை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து இந்தக் கல்லை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன டச்சுக்காரர்கள், புகைக்குழாயிலிருந்து சாம்பலை இழுக்க இதைப் பயன்படுத்தியதாகச் சொல்வார்கள். பூஜையறைத் திருநீற்றுத் தட்டை எடுத்துவைத்து நீங்களும் முயன்று பார்க்கலாம்; பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு. ஆனால் இரும்பு நிறைந்த கறுப்பு வகையில் இந்தக் குணம் வெளிர்நிற வகைகளைவிடக் குறைவு. பினாங்கின் ஈரக் காற்று மிச்சமிருக்கும் மின்னேற்றத்தையும் வடித்துவிடும். திருநீறு அசையவில்லை என்பதற்காகக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

நான்காம் படி: விலை பேசுவது

டூர்மலின் குடும்பத்தில் மிக மலிவானது இந்தக் கறுப்புதான். கைக்குள் அடங்கும் உருட்டுக் கல் ஒன்றுக்கு, ஒரு வேளை நாசி கண்டார் விலைக்கு மேல் கொடுக்க எனக்கு மனம் வராது. எடை போட்டு விற்பவர் கிராம் கணக்கிலோ கிலோ கணக்கிலோ சொல்லவேண்டும். கேரட் கணக்கில் விலை சொன்னால் ஒரு கேரட் என்பது 0.2 கிராம்தான் என்பதை நினைத்துப் பெருக்கிப் பாருங்கள். கிராம் விலை ஐந்து மடங்காக நிற்கும். முனை உடையாமல் முழுசாக வளர்ந்த படிகக் குச்சிக்குச் சேகரிப்பாளர்கள் அதிகம் கொடுப்பார்கள், அது நியாயம். "மந்திரம் ஏற்றியது", "குருஜி கை பட்டது" என்பதற்கு ஏற்றும் விலைக்கு எந்தத் தராசும் கிடையாது. சோதனைக்கூடச் சான்றிதழ் இது இன்ன கல் என்று சொல்லும். சக்தி ஏற்றியதா என்று சொல்லாது. இவ்வளவு மலிவான கல்லுக்குச் சான்றிதழே வீண் செலவு.

கைவளை வாங்கினால் கயிற்றை முதலில் பாருங்கள். ரப்பர் நூல் வியர்வையில் சீக்கிரம் நைந்துவிடும். கட்டாயம் ஒருநாள் அறுந்து பஸ்ஸில் உருளும். கைக்குழந்தைக்கு மணி கோத்த கயிறு கட்டவேண்டாம். அறுந்த மணி நேரே வாய்க்குத்தான் போகும்.

மோதிரமாகக் கட்டுவதானால் ஆசாரியிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லுங்கள். கல் கடினமானதுதான், ஆனால் அடி தாங்காது. அதனால் நான்கு கால்கள் மட்டும் பிடிக்கும் கட்டு வேண்டாம். விளிம்பைச் சுற்றிலும் உலோகம் அணைத்துப் பிடிக்கட்டும். இரண்டாவது, தங்கத்தைக் கல் இல்லாமல் தனியே நிறுத்து ரசீதில் எழுதச் சொல்லுங்கள். கல்லையும் தங்க விலைக்கு வாங்கிவிட்டு, பிறகு அடகுக்கடையில் கல் எடையைக் கழிக்கும்போது கண்ணைக் கசக்குவதில் பயனில்லை. பின்னாளில் மோதிரத்தைப் பெரிதாக்கவோ பற்றவைக்கவோ நேர்ந்தால் கல்லைக் கழற்றிய பிறகே நெருப்பு படவேண்டும்.

ஐந்தாம் படி: சுத்தி செய்வது

வாங்கிய கல் பல கை பட்டது. பயன்படுத்துமுன் சுத்தி செய்யவேண்டும் என்பது படிகச் சிகிச்சைக்காரர்கள் எல்லாரும் ஒத்துச் சொல்லும் விதி. அழுக்கு என்ற அர்த்தத்தில் பார்த்தாலும் சரிதான். குழாய்த் தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு, மென்மையான பல்துலக்கி. வரிக்கோடுகளின் திசையிலேயே தேயுங்கள். கழுவி உடனே துடைத்துக் காற்றில் உலரவிடுங்கள். மைக்கா ஒட்டிய கச்சாக் கல்லை ஊறவைக்கக்கூடாது, உதிர்ந்துவிடும்.

அதற்குப் பிறகு உங்கள் நம்பிக்கைப்படி. வெள்ளிக்கிழமை வீட்டில் சாம்பிராணி போடும்போது அந்தப் புகையில் காட்டுவது எனக்குப் பிடித்த வழி. செலவும் இல்லை, கல்லுக்குக் கெடுதலும் இல்லை. பௌர்ணமி நிலவில் வைப்பவர்கள் சன்னலுக்கு உள்பக்கம் வைத்தால் போதும், இந்த ஊரில் எந்த நேரம் மழை இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. உப்பில் புதைக்கும் வழக்கத்தை மட்டும் நான் ஏற்கவில்லை. நம் ஈரக் காற்றில் ஒரு தட்டு உப்பு விடிவதற்குள் கசிந்து உப்புநீராகிவிடும். அது விரிசல்களுக்குள் இறங்கிக் காய்ந்து வெள்ளைக் கோடாக நிற்கும். வெள்ளிக் கட்டு இருந்தால் அதுவும் கறுக்கும். உப்பு வேண்டும் என்றே இருப்பவர்கள் கல்லை ஒரு கிண்ணத்தில் வைத்து, அந்தக் கிண்ணத்தை உப்புத் தட்டின் மேல் வையுங்கள்.

ஆறாம் படி: பயன்படுத்துவது

படிகச் சிகிச்சையில் கறுப்பு டூர்மலினை முதுகுத்தண்டின் அடியில் இருப்பதாகச் சொல்லும் மூலாதாரச் சக்கரத்துக்கு உரியதாகச் சொல்கிறார்கள்: காலைத் தரையில் ஊன்ற வைக்கும், காப்பாக நிற்கும் என்பது கருத்து. இடக்கையா வலக்கையா என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. எழுதும் கையை விட்டு மறு கையில் போடுங்கள். கல்லும் தேயாது, மேசையிலும் இடிக்காது.

செய்முறை எளிது. வேலை முடிந்து வந்ததும் கைகால் கழுவி, நாற்காலியில் பாதம் இரண்டும் தரையில் படும்படி உட்காருங்கள். கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும். கல்லை உள்ளங்கையில் வைத்து, மனத்தில் ஒரே ஒரு சங்கல்பம். "இன்று அலுவலகத்தில் கேட்ட பேச்சை இங்கேயே இறக்கிவைக்கிறேன்" என்பதுபோல் சின்னதாக, குறிப்பாக இருக்கட்டும்; கோடீஸ்வரன் ஆகவேண்டும் என்றெல்லாம் கல்லிடம் கேட்கவேண்டாம். பிறகு கட்டைவிரலால் வரிக்கோடுகளை மெல்ல வருடிக்கொண்டு மூச்சை நாலு எண்ணிக்கை இழுத்து ஆறு எண்ணிக்கை விடுங்கள். கல் முதலில் சில்லென்று இருக்கும். வரவரக் கையின் சூட்டை வாங்கும். கையும் கல்லும் ஒரே சூடாகும் வரை உட்காருங்கள், கடிகாரம் பார்க்கவேண்டாம். விரலால் வருடுவதற்கு ஏற்றதாக இருப்பதால்தான் இந்தக் காரியத்துக்கு மெருகேற்றியதைவிடக் கச்சாக் கல்லை நான் சிபாரிசு செய்கிறேன். முனை கூர்மையாக இருந்தால் உப்புத்தாளில் கொஞ்சம் தேய்த்துக்கொள்ளுங்கள். தேய்க்கும்போது கல்லை நனைத்துக்கொண்டால் தூசி மூக்கில் ஏறாது.

படுத்துச் செய்பவர்கள் இரு பாதங்களுக்கும் நடுவில் கல்லை வைப்பார்கள். வாசல் நிலைக்கு அருகில் இரண்டு பக்கமும் வைப்பது இன்னொரு வழக்கம். ஏற்கெனவே எலுமிச்சையும் மிளகாயும் தொங்கும் வாசலில் இடம் இருந்தால் வையுங்கள். தலையணைக்கு அடியில் வைக்கும் யோசனை மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை, புரண்டு படுத்தால் வலிக்கிறது.

எதை நம்பக்கூடாது

கைப்பேசிக் கதிர்வீச்சைத் தடுக்கும் என்பது பொய். மேசைமேல் இருக்கும் கல் தன் மேல் விழாத அலையை எப்படித் தடுக்கும்? தடுத்திருந்தால் உங்கள் கைப்பேசிக்கு அழைப்பே வந்திருக்காது.

"எதிர்மின் அயனி" பதக்கம், கைவளை என்று டூர்மலின் பெயரைச் சொல்லி விற்பவற்றில் கூடுதல் எச்சரிக்கை தேவை. அயனி உண்டாகவேண்டும் என்பதற்காகச் சிலவற்றில் தோரியம் உள்ள மோனசைட் போன்ற கதிரியக்கத் தூளைக் கலக்கிறார்கள். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அமைப்பு இப்படிப்பட்ட பத்துப் பொருள்களில் கதிரியக்கத்தைக் கண்டுபிடித்து, அணியவேண்டாம் என்று அறிவித்தது. வெள்ளீய மண்ணைக் கழுவிய மிச்சத்தில் இதே மோனசைட் கிடக்கும் நாடு நம்முடையது. நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கல் வேண்டுமானால் கல்லாகவே வாங்குங்கள், தூள் அடைத்த பதக்கமாக அல்ல.

கல் போட்ட தண்ணீரைக் குடிக்காதீர்கள். டூர்மலின் தண்ணீரில் கரையாது என்பது சரி. ஆனால் கறுப்பாக மின்னும் வேறு சில கனிமங்கள் விஷம்: கலீனா காரீயத்தாது, ஸ்டிப்னைட் ஆன்டிமனித்தாது. கச்சாக் கல்லின் ஓரத்தில் ஒட்டியிருப்பது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

மாத்திரையை நிறுத்தாதீர்கள். மலேசியாவில் நீரிழிவு அதிகம் தாக்குவது நம் சமூகத்தைத்தான். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிக்கு டாக்டரைப் பார்க்கலாம். இங்கே 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் அங்கீகரிக்கும் துறைகளில் இந்திய மருத்துவம் உண்டு, ஹோமியோபதி உண்டு. படிகச் சிகிச்சை இல்லை. நீரிழிவு, புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு போன்றவற்றைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. கடைக்காரர் அப்படிச் சொன்னால் அந்த வாக்கியத்தையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள்.

ஏழாம் படி: அன்றாடப் பராமரிப்பு

தனியாக ஒரு துணிப்பையில் வையுங்கள். ஒப்சிடியனோடும் ஜெட்டோடும் சேர்த்து வைத்தால் டூர்மலின் அவற்றைக் கீறிவிடும். வெயிலில் நிறம் மங்காது. ஆனால் வெயிலில் நிறுத்திய காரில் கொதித்த கல்லை எடுத்து ஐஸ் தண்ணீரில் போட்டால் விரிசல் விடும். நகைக்கடையின் அல்ட்ராசோனிக் இயந்திரமும் நீராவியும் கூடாது. கடலில் குளிக்கும்போது கழற்றுங்கள். கல்லுக்காக இல்லை, கயிற்றுக்காக.

கல் உடைந்துபோனால் "கண்ணேறு வாங்கிக்கொண்டு உடைந்தது" என்பார்கள். டூர்மலின் நொறுங்கும் இயல்புடையது. தரையில் விழுந்தால் உடையும். தோஷம் கழிக்க அடுத்த கல் வாங்குங்கள் என்று அதே கடைக்காரர் சொன்னால் வெளியே வந்துவிடுங்கள். உடைந்த துண்டுகளைப் பூந்தொட்டியில் போடலாம்.

ஏமாந்துவிட்டால்

ரசீதில் கல்லின் பெயர், இயற்கையா சாயமேற்றியதா, எடை, விலை ஆகிய நான்கும் இருக்கவேண்டும். இணையத்தில் வாங்கியிருந்தால் விற்பனைப் பக்கத்தையும் உரையாடலையும் படமெடுத்து வையுங்கள், மறுநாளே அழித்துவிடுவார்கள். முதலில் கடையில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கொடுக்காவிட்டால் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் முறையிடலாம். 50,000 வெள்ளி வரை கோரலாம், கட்டணம் 5 வெள்ளி, மூன்று ஆண்டுகளுக்குள் பதியவேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே கேட்கலாம்.